வார்டு கவுன்சிலர் இல்லைங்க, இது வேற கவுன்சிலர்

நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

போன மாசம் ஓ.பி. முடியுற நேரம். கம்பம் பக்கத்து ஊர்க்கார அம்மா ஒருத்தர், மாசாமாசம் சுகர் மாத்திரை வாங்க வருபவர். விடியுறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி, மெட்டு தாண்டி, கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். அன்னைக்கு மகளையும் கூட்டிட்டு வந்திருந்தார். பொண்ணு டிகிரி முடிச்சிருக்கு.

"சார், நான் கவுன்சிலர் ஆகணும். எம்.எஸ்சி. சைக்காலஜி தபால்ல போடலாமா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மா முந்திக்கிட்டார். "என்னாது, எலெக்சன்ல நிக்கப் போறியா?"

மூணு பேரும் சிரிச்சோம். ஆனா அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியலை. "தபால்ல இப்ப முடியாதும்மா" என்றேன். "ஏன் சார்?" என்றாள். வெளியே இன்னும் முப்பது பேர் நிக்கிறாங்க. "அடுத்த தடவை வா, சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த 'ஏன்' தான் இந்த த்ரெட்.

முதலில் அந்த வார்த்தையை எடுத்துக்கலாம். நம்ம ஊரில் கவுன்சிலிங் என்றால் பிளஸ் டூ முடித்த வீட்டில் இன்ஜினியரிங் சீட். தகராறு நடந்த வீட்டில் 'நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருத்துறது'. "டாக்டர், இவனுக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க" என்று ஒரு அப்பா சொன்னால், "என் சார்பா நீங்க திட்டுங்க" என்று அர்த்தம். அந்த வேலைக்கு எதுக்கு ரெண்டு வருஷப் பட்ட மேற்படிப்பு? அதான் தெருவுக்கு நாலு பேர் இருக்காங்களே!

உலகத்திலும் இது ஆஸ்பத்திரியில் பிறந்த தொழில் இல்லை. 1908ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பல தேசங்களிலிருந்து கப்பலேறி வந்து குடியேறியவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஒரு அலுவலகம் திறந்தார். வேலை தேடும் இளைஞர்களுக்கு 'உனக்கு என்ன வேலை ஒத்துவரும்' என்று உட்கார்ந்து பேசுவதற்கு. அதே வருஷம் அவர் இறந்தும்விட்டார். 1942ல் கார்ல் ரோஜர்ஸ் வந்து, அறிவுரை சொல்லாதே, கேள், எதிரே இருப்பவரே வழி கண்டுபிடிப்பார் என்றார். 1957ல் ரஷ்யா ஸ்புட்னிக் விட்டது. மிரண்டுபோன அமெரிக்கா, அறிவியலில் கெட்டிக்காரப் பிள்ளைகளை அடையாளம் காண பள்ளிகளுக்கு ஆலோசகர்கள் வேண்டும் என்று 1958ல் சட்டம் போட்டு, அவர்களைப் பயிற்றுவிக்கப் பணம் கொடுத்தது. பல்கலைக்கழகங்களில் கவுன்சிலர் படிப்பு பெருகியதில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு. ஒரு ராக்கெட் விட்டதால் வளர்ந்த படிப்புன்னு நான் கிளாஸ்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

அப்புறம் ரொம்ப காலம் கழித்துத்தான் இன்னொன்று புரிந்தது. படித்த வெள்ளைக்காரருக்காக எழுதிய பாடத்தை வைத்துக்கொண்டு, கறுப்பினத்தவரிடமும் நேற்று வந்து குடியேறியவரிடமும் போய்ப் பேசினால் எடுபடாது. டெரால்ட் விங் சூவும் அவருடைய சகாக்களும் 1992ல் இதை ஒரு பட்டியலாகவே எழுதினார்கள். உன்னுடைய சாய்வு உனக்குத் தெரியணும், எதிரே இருப்பவரின் உலகம் தெரியணும், அதற்கேற்ற கைப்பழக்கம் வேணும்.

அமெரிக்கா போதும். நம்ம ஊருக்கு வருவோம்.

இங்கே 1936ல் பம்பாயில் டாட்டா பெயரில் சமூகப்பணிக் கல்லூரி வந்தது. 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். 1954ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம், இன்றைய நிம்ஹான்ஸின் தாய்வீடு. 1982ல் தேசிய மனநலத் திட்டம். எல்லாம் சரி. ஆனால் கம்பத்திலோ போடியிலோ ஒரு அரசு ஆஸ்பத்திரியில், இதற்கென்றே படித்த ஒருவர் தனி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க" என்று கேட்கும் நிலை இவற்றால் வரவில்லை.

அது வந்தது மனநலத்தின் வாசல் வழியாக இல்லை. எச்.ஐ.வி.யின் வாசல் வழியாக.

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமன். அவரிடம் முதுகலை படித்துக்கொண்டிருந்தவர் செல்லப்பன் நிர்மலா. இந்தியாவில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது நிர்மலாவின் ஆய்வு. பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்து 'விஜிலென்ஸ் ஹோம்' எனும் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் உட்படப் பலரிடம் ரத்தம் எடுத்தார். மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, கணவரோடு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். சில மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு முதல் சான்று. சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

மருத்துவ வரலாற்றில் இது பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தப் பெண்களிடம் என்ன பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறோம் என்று சொல்லவில்லை. பால்வினை நோய்க்கு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இதை நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல இதை எழுதலை. அன்றைக்கு அதுதான் வழக்கம். டாக்டர் கை நீட்டு என்றால் நீட்டணும்.

பிறகு நடந்தது இன்னும் மோசம். எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த பெண்களை வெளியே விடாமல் காப்பகத்திலேயே வைத்திருந்தார்கள். நோய் பரவுமாம். அவர்களிடம் போனவர்கள் மட்டும் வெளியே சுதந்திரமாகத் திரிந்தார்கள்! ஷ்யாமளா நடராஜ் என்கிற பத்திரிகையாளர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 1990ல் அந்தப் பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள். அவர் தொடங்கிய 'சியாப்' அமைப்பு பின்னாளில் கவுன்சிலர்களைப் பயிற்றுவிப்பதையும் கையில் எடுத்தது. சுனிதி சாலமன் 1993ல் ஒய்.ஆர்.ஜி. கேர் தொடங்கினார். பரிசோதனைக்கு முன்பும் பின்பும் உட்கார்ந்து பேசுவது அங்கே நடைமுறையானது.

சொல்லாமல் ரத்தம் எடுத்த அவமானத்திலிருந்துதான் நம்ம ஊர் கவுன்சிலர் பிறந்தார் என்பேன். இது என் கருத்து. மாறுபட்டால் கீழே சொல்லுங்க.

1990களில் தமிழ்நாடு, எச்.ஐ.வி. அதிகமுள்ள 6 மாநிலங்களில் ஒன்று. 1994ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் ஆலோசனையும் சேர்ந்த மையங்கள். வாசலில் 'எய்ட்ஸ்' என்று எழுதினால் எவன் உள்ளே வருவான்? நம்ம ஊரில் அதற்கு வைத்த பெயர் 'நம்பிக்கை மையம்'. பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. பால்வினை நோய்க்கான இடத்துக்கு 'சுகவாழ்வு மையம்'.

இந்த மையத்தில் உட்காரும் கவுன்சிலருக்கு என்ன படிப்பு வேண்டும்? சமூகப்பணி, உளவியல் மாதிரி பாடங்களில் பட்ட மேற்படிப்பு. அதாவது 2 வருஷம். வேலையில் சேர்ந்ததும் 12 நாள் அறிமுகப் பயிற்சி. அதன் பிறகு அவ்வப்போது புத்தாக்கப் பயிற்சி. 2008 வாக்கில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 'சக்ஷம்' என்ற திட்டத்தில் நாடு முழுக்க இந்தப் பயிற்சியை ஒழுங்குபடுத்த இறங்கியது.

12 நாள்தானா என்று சிரிக்காதீங்க. எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் எனக்கு சைக்கியாட்ரி போஸ்டிங் 15 நாள். நோயாளியிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்க பேட்சில் யாருக்கும்தான்.

அதனால் என்ன ஆச்சு என்று சொல்கிறேன். ஊர், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம்.

நான் ஹவுஸ் சர்ஜன். கால் எலும்பு முறிந்து ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு பெண். ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. ரியாக்டிவ். யூனிட் சீஃப் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள கேஸ் ஷீட் முடிக்கணும். வராண்டாவில் அந்தப் பெண்ணின் அண்ணன் நின்றார். "உங்க வீட்டுக்காரம்மா... இல்ல, தங்கச்சியா? அவங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கு. இன்னொரு டெஸ்ட் எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க" என்றேன். நின்றுகொண்டே. பக்கத்தில் காபி ஃபிளாஸ்க்கோடு ரெண்டு பேர் கடந்து போனார்கள்.

அவர் கையெழுத்துப் போடலை. சாயங்காலம் பெட் காலி. கால் முறிஞ்ச பொம்பளை எப்படிப் போனார், யார் தூக்கிட்டுப் போனார்கள், தெரியாது. உறுதி செய்யும் பரிசோதனைகூட நடக்கலை. ஒரு கிட்டில் ரியாக்டிவ் என்பது முடிவு இல்லை, வெவ்வேறு 3 கிட்டுகளில் பார்த்துத்தான் பாசிட்டிவ் என்று சொல்லணும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

மறுநாள் நம்பிக்கை மையத்து கவுன்சிலர் மேடம் வார்டுக்கு வந்தார். என்னைவிட பத்து வயசு மூத்தவர். சத்தம் போடலை. "சார், ரிசல்ட்டை நீங்க சொல்லிட்டீங்க. ஆனா அவங்ககிட்ட சொல்லலை" என்றார். அவ்வளவுதான்.

அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று இன்றைக்கும் சில ராத்திரி யோசிப்பேன்.

அதுக்கப்புறம் அடிக்கடி அந்த மேடத்தின் அறையில் போய் ஓரமா உட்கார்ந்தேன், அவரும் வந்திருப்பவரும் சம்மதித்தால் மட்டும். ரத்தம் எடுக்கும் முன்னாடியே அவர் ஒரு கேள்வி கேட்பார். "ஒருவேளை பாசிட்டிவ்னு வந்தா, முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க?" இந்தக் கேள்விக்குள்ளே எவ்வளவு இருக்கு பாருங்க. வீட்டில் யார் நம்பிக்கையானவர், யாரைக் கண்டால் பயம், யாரும் இல்லையா, சாகும் எண்ணம் இருக்கிறதா, எல்லாம் அந்தப் பதிலில் வெளியே வரும். சிலர் பதில் சொல்லாமல் ரொம்ப நேரம் சுவரையே பார்ப்பார்கள். மேடமும் பேசாமல் இருப்பார். எனக்குத்தான் வாய் துறுதுறுக்கும். அந்தச் சும்மா இருத்தல் இருக்கே, அதுக்குத்தான் 2 வருஷப் படிப்பு.

ரிசல்ட் சொல்லும் முறை வேறு. மருந்து, அடுத்த தேதி, புருஷனை எப்படிக் கூட்டிட்டு வருவது, கர்ப்பிணி என்றால் குழந்தை. ஒரு காலத்தில் பிரசவ வலி ஆரம்பிக்கும்போது தாய்க்கு நெவிரபின் 200 மில்லிகிராம் ஒரு மாத்திரை, குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் சிரப். இவ்வளவுதான் கையில் இருந்தது. வலி ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், தாய் வீட்டில் இருப்பாள், மாமியாருக்கு விஷயம் தெரியாது. மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பது என்பதுவரை கவுன்சிலர்தான் பேசி வைத்திருப்பார். இன்றைக்கு மூன்று மருந்துக் கூட்டு இருக்கு, நிலைமை எவ்வளவோ தேவலை. அந்தப் பிள்ளைகளில் பலர் நெகட்டிவாக வளர்ந்து காலேஜ் போறாங்க. அதில் டாக்டரின் பங்கு பிரிஸ்கிரிப்ஷன்.

இப்ப நம்ம பள்ளத்தாக்குக்கு வாங்க. 'பலதரப்பட்ட நகர மக்களுக்கான கவுன்சிலர்' என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் படிப்பு நடத்துகின்றன. நம்ம கம்பம், சின்னமனூர், போடி எல்லாம் நகரமா என்று கேட்டால், நகராட்சிதான். ஆனா பலதரப்பு? வந்து பாருங்க. வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம், தெலுங்கு பேசுகிற குடும்பம், வெளியே எல்லாரும் தமிழ். குமுளி ஏறினால் மலையாளம். ஏலத்தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த பிள்ளைகள். கார்த்திகை, மார்கழியில் ரோடு முழுக்க சபரிமலை வண்டி. லாரி, ஜீப், திராட்சைத் தோட்டம், மருந்தடிக்கும் பம்பு. கல்யாணம் ஆன ஆண்கள் பாதி வாரம் மலை மேல். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை வெடித்து எல்லை அடைபட்டபோது இந்த வாழ்க்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று எல்லாரும் பார்த்தோம்.

இங்கே வேலை செய்கிற கவுன்சிலருக்கு டெரால்ட் விங் சூ சொன்ன அந்த மூன்றும் வேணும். கூடவே, கம்பத்துக்காரர் ஏன் கம்பத்தில் மாத்திரை வாங்காமல் பஸ் ஏறி மதுரை போகிறார் என்பது புரியணும். மருந்துக் கவுண்டரில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார் என்கிற பயம் அது. "ஏன் இங்கயே வாங்கக் கூடாது?" என்று கேட்டால் அது அக்கறை இல்லை, அறியாமை. ஜீப் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று தெரியாமல் "காலையில் பத்து மணிக்கு வாங்க" என்று எழுதிக் கொடுத்தால், ஒரு நாள் கூலியைப் பறிக்கிறோம்.

இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. மூத்த கவுன்சிலரோடு உட்கார்ந்து, தப்புப் பண்ணி, அவரிடம் சொல்லி, திருத்திக்கொண்டுதான் வரும். மேற்பார்வையில் பழகுவது என்பார்கள். சர்ஜரியை யாரும் புத்தகம் படித்து மட்டும் செய்வதில்லையே.

எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களிடமிருந்தும் வந்தது. 1998ல் சென்னையில் பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா. அந்தப் பாதையில் நடந்தவர், பின்னால் வருகிறவருக்கு வழி சொல்வது. கவுன்சிலருக்குத் தமிழில் 'ஆற்றுப்படுத்துநர்' என்று ஒரு சொல் அரசு விளம்பரங்களில் வரும். ஆற்றுப்படை என்றால் அதேதான், பரிசு பெற்று வந்தவன் எதிரே வருபவனுக்கு வழி காட்டுவது. 'ஆலோசகர்' என்பதைவிட எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். வாயில் நுழையாது என்பது வேறு விஷயம்.

சரி, இவ்வளவு செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒப்பந்த வேலை. தொகுப்பூதியம். பத்து, பதினைந்து வருஷம் ஆனாலும் அதே. இதில் இன்னொரு வேடிக்கை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட 1992 சட்டப்படி மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேணும். கவுன்சிலர் என்று மாட்ட ஒன்றும் வேண்டாம். வார இறுதி கோர்ஸ் முடித்தவரும் கவுன்சிலர், 2 வருஷம் படித்து 10 வருஷம் நம்பிக்கை மையத்தில் உட்கார்ந்தவரும் கவுன்சிலர்.

2021ல் இதற்கு ஒரு சட்டம் வந்தது. தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம். பெயர்தான் ஒரு முழ நீளம். அதன் அட்டவணையைத் தேடிப் பாருங்க, எச்.ஐ.வி. கவுன்சிலர் என்று தனியாகவே எழுதியிருக்கும். மயிர்க்கூச்செறிந்தது எனக்கு. விஜிலென்ஸ் ஹோமில் ஆரம்பித்த கதை ஒரு சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரியாக வந்து நிற்கிறது.

அதே சட்டத்தைக் காட்டித்தான் 2025ல் யு.ஜி.சி. ஒரு முடிவு எடுத்தது. அந்த வருஷச் சேர்க்கையிலிருந்து உளவியல் உள்ளிட்ட இந்தப் படிப்புகளைத் தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது.

மருத்துவராக இது சரி என்றே சொல்வேன். தபாலில் படித்து ஊசி போடப் பழக முடியாது. சும்மா உட்கார்ந்து கேட்கவும் தபாலில் பழக முடியாது.

ஆனா நம்ம மாவட்டத்தில் இந்தப் படிப்பைத் தபாலில் படித்தவர்கள் யார்? கல்யாணம் ஆனவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள், ஏலத்தோட்டத்துக்குப் போகும் அம்மாக்களின் பெண்கள். ஜீப் திரும்பும் நேரம் யாரும் சொல்லாமலே தெரிந்தவர்கள். சட்டம் தரத்தைக் கேட்கிறது, நியாயம். தரத்தைக் கேட்கிற கையோடு வகுப்பறையைப் பக்கத்தில் கொண்டுவரவில்லை என்றால், நாளைக்குக் கம்பத்தில் உட்காரப் போகிறவர் வெளியூரில் வளர்ந்த பிள்ளையாக இருப்பார். நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். "ஏன் இங்கயே மாத்திரை வாங்கக் கூடாது?" என்றுதான் கேட்கும்.

க.விலக்கில் 2004லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரியகுளத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை. தாலுகா ஆஸ்பத்திரிகளில் வருஷக்கணக்கில் வேலை செய்து கைதேர்ந்த கவுன்சிலர்கள். மேற்பார்வையில் பழக இதைவிட நல்ல இடம் வேண்டுமா? மாவட்டத்துக் கலைக்கல்லூரிகளில் ஒன்றிரண்டு முறையான முதுகலை வகுப்பு தொடங்கி, மாணவர்களை இங்கே அனுப்பினால் போதும். அந்த மூத்த கவுன்சிலர்களை ஆசிரியர்களாகச் சேர்த்து, அதற்குச் சம்பளமும் கொடுத்தால். இதைப் படிக்கிறவர்களில் கல்லூரி நிர்வாகத்தில், துறையில் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் யோசிங்க.

நேத்து அந்தப் பொண்ணு திரும்ப வந்தாள், அம்மா இல்லாமல். இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். நேரடி வகுப்பாகச் சேரு, எம்.எஸ்.டபிள்யூ.வோ எம்.எஸ்சி.யோ. சேரும் முன்னாடி ரெண்டு விஷயம் கேளு: களப்பயிற்சி எத்தனை மணி நேரம், மேற்பார்வை யார். ரெண்டுக்கும் பதில் மழுப்பினால் ஃபீஸ் கட்டாதே. இப்போதைக்கு மதுரை, காந்திகிராமம் பக்கம்தான் பார்க்கணும் என்றேன்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"கம்பத்துல இருந்து மதுரைக்கு முத பஸ்சு எத்தனை மணிக்கு சார்? சாயங்காலம் அம்மா ஜீப் வர்றதுக்குள்ள திரும்பிறலாமா?"

எனக்குத் தெரியலை. தெரிஞ்சவங்க கமெண்டில் போடுங்க.